நான்கு போல்ட்டுகள், ஆறு நாட்கள்

பழைய டிரில்லிங் மெஷின் ஒன்றைப் பிரித்துப் புதுப்பிக்க ஆரம்பித்திருக்கிறேன். தூணை அடித்தட்டோடு பிடித்திருக்கும் நான்கு 12 மி.மீ. போல்ட்டுகளும் துருவேறி இறுகிக் கிடந்தன. இரும்பு துருவானால் கன அளவு பல மடங்கு கூடும். மரைகளுக்கு, அதாவது திருகு வரிகளுக்கு, நடுவே இருந்த மயிரிழை இடைவெளியையும் அந்தத் துருவே அடைத்துவிடுகிறது.

முதல் மூன்று நாள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கான கியர் ஆயிலையும் சரிபாதியாகக் கலந்து காலையும் மாலையும் ஊற்றினேன். இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். ஊற்றியதும் போல்ட் தலையில் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு.

நான்காம் நாள் ஆறு பட்டை சாக்கெட்டைப் போட்டேன். பன்னிரண்டு பட்டை சாக்கெட் மூலைகளை மட்டுமே பிடிக்கும், தலையை உருட்டிவிடும். கழற்றும் பக்கம் போகாமல் முதலில் இறுக்கும் பக்கமே அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். துரு விட்டுவிட்டது! அப்புறம் அரைச் சுற்று கழற்றல், கால் சுற்று இறுக்கல், கொஞ்சம் எண்ணெய். மரையோரம் செம்பழுப்புச் சேறு பிதுங்கி வந்தது. இரண்டு போல்ட் இப்படியே வெளியே வந்தன.

மூன்றாவதற்கு நெருப்பு. அசிட்டோன் பாட்டிலைத் தூரத்தில் வைத்து, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் டார்ச்சைப் பற்றவைத்தேன். போல்ட்டைச் சுற்றியிருந்த வார்ப்பிரும்பை மெதுவாகச் சுட்டேன், அவசரப்பட்டால் விரிசல் விடும். சூடு சற்று தணிந்ததும் மெழுகுவர்த்தியைத் தொட்டுவைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கிவிடுகிறது. மூன்றாவது தடவை சுட்டபோது நகர்ந்தது.

நான்காவது உடைந்தது. கைப்பிடியில் ஒரு மெத்தென்ற உணர்வு. போல்ட் சுற்றுகிறது என்று நினைத்தேன், தண்டுதான் முறுக்கிக்கொண்டிருந்தது. அந்த மெத்தென்ற உணர்வு வந்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். தலை போனதால் தூணைத் தூக்க முடிந்தது. அடித்தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் செய்து, ஆறவிட்டு, ரிங் ஸ்பேனரை முன்னும் பின்னும் அசைத்தேன். வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்திருந்தது. ஐந்து நிமிடத்தில் கையாலேயே சுற்றி எடுத்தேன்.

ஆறாம் நாள், நேற்று, ஓட்டைகளில் டேப் என்ற மரை வெட்டும் கருவியைச் சுற்றி இறக்கி மரைகளைச் சுத்தம் செய்தேன். புதுப் போல்ட்டுகளுக்குச் செம்பு கிரீஸ் தடவி வைத்தாகிவிட்டது. அடுத்து மோட்டார் தட்டின் கீல் ஊசி, அதற்கு இன்று காலை முதல் எண்ணெய் விட்டிருக்கிறேன்.