பால் பத்தலை என்று சொல்லாதீர்கள்

என் மகள் மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பிப்பாள். முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி, ஒன்பது மணி வரை வீறிட்டு அழுவாள். அம்மா வீட்டில்தான் இருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றேதான்: "பால் பத்தலை போல, புட்டிப்பால் கொடுத்துப் பாரேன்." தையல் வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

ஆறாவது வாரம் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் அக்கா எடை பார்த்தார். பிறந்தபோது 2.8 கிலோ, அன்றைக்கு 3.9. "ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போறாளா? அப்புறம் என்னம்மா பால் பத்தலை?" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

இரண்டாவது வாரம் போல ஏற ஆரம்பிக்கும் இந்த அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறைந்துவிடும், நிறைய குழந்தைகளுக்குச் சாயங்காலம்தான் அதிகம், ஏன் என்று இன்னும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

பசி அழுகைக்கு முன்பே தெரிந்துவிடும். தலையைத் திருப்பித் தேடுவாள், உதட்டைச் சப்புவாள், கையை வாய்க்குக் கொண்டுபோவாள். அழுகை கடைசியில்தான் வரும். அதுவரை விட்டுவிட்டால் மார்பைப் பிடிக்கவே மாட்டாள், முதலில் சமாதானப்படுத்த வேண்டும். சட்டையைக் கழற்றி என் நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். சில நாள் அது போதும். ஒருநாள் அம்மா மாவு ஆட்டக் கிரைண்டரைப் போட்டதும் சட்டென்று அடங்கிவிட்டாள்! வயிற்றுக்குள் ஓயாத இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவள் இல்லையா. அதன்பிறகு மாவு ஆட்டுவது சாயங்காலத்துக்கு மாறியது.

கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் கொடுக்கவில்லை. ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதில் உறுதியாக நின்றேன்.

அழுகை திடீரென்று வேறு மாதிரி இருந்தால் உடம்பு முழுக்கப் பாருங்கள். நம் தலைமுடி கால் விரலில் சுற்றி இறுக்கியிருக்கலாம். உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உங்களால் முடியவில்லை என்றால் குழந்தையைப் பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அதில் தப்பே இல்லை. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைக் குலுக்கிவிடக் கூடாது, மூளையில் ரத்தம் கசிந்துவிடும்.

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலைப் பற்றி விசாரிக்காதீர்கள். கையைக் கழுவிக்கொண்டு குழந்தையை அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் குளித்துவிட்டு வந்து சூடாக இரண்டு தோசை சாப்பிடட்டும்.