பாட்டு இல்லாத பாடகர் படம்

யூனிட்டில் என் பதவி உதவி இயக்குநர். செய்த வேலை என்னவோ குமாஸ்தா வேலைதான். கடிதம் போடுவது, பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் போடுவது, அப்புறம் போன் போடுவது, "அவர் சீட்ல இல்லீங்க" என்று கேட்டுக்கொள்வது.

டி.எம். சௌந்தரராஜன் பிறந்தது 1922 மார்ச்சில், மதுரையில். நூற்றாண்டை ஒட்டி அவரைப் பற்றி 52 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்க எங்கள் இயக்குநர் கிளம்பியிருந்தார். சேர்ந்த முதல் நாளே கையில் ஒரு தாளைக் கொடுத்தார். 31 பாட்டுகள். "இதுக்கெல்லாம் பர்மிஷன் வாங்கிடு." அண்ணாச்சி கடைக்குச் சீட்டு கொடுத்து அனுப்புவது மாதிரிதான் சொன்னார். நானும் சரி சார் என்றேன்.

எக்செல் ஷீட்டில் நாலு பத்தி போட்டேன். பாட்டு, எழுதியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவின் உரிமை யாரிடம். பாடியவருக்குப் பத்தி போடவில்லை. எல்லா வரியிலும் அவர்தானே, எதற்கு வீணாக என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது, போட்டிருந்தாலும் அதில் நிரப்ப ஒன்றும் இருந்திருக்காது. அந்தக் காலத்தில் பின்னணிப் பாடகருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. வாங்கிப் பையில் போட்டதோடு கணக்கு தீர்ந்தது. பாடகருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டம் தெளிவாகச் சொன்னது 2012 திருத்தத்தில்தான். டி.எம்.எஸ். 2013 மே மாதம் போய்விட்டார்.

சட்டத்தை நான் படித்தது ஆசையினால் இல்லை. ஒரு இசை நிறுவனத்திடமிருந்து முதல் பதில் வந்தது. ஒரு பாட்டின் ஒரு நிமிடத்துக்கு அவர்கள் கேட்ட தொகை எங்கள் மொத்தக் கேமரா வாடகையைத் தாண்டியது. இயக்குநர் அதைப் படித்துவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்று இரவுதான் எது எது காலாவதி ஆகியிருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள். வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். "தூங்காதே தம்பி தூங்காதே"யை எடுத்துக்கொள்ளுங்கள். நாடோடி மன்னன் வந்தது 1958. ஆக, ஒலிப்பதிவு 2018 முடிந்ததோடு பொதுச்சொத்து. எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தவர், அவர் படைப்புகளை அரசே நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. இரண்டு கட்டத்துக்கும் பச்சை அடித்தேன். மூன்றாவது கட்டத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு. அவர் காலமானது 1979. மெட்டுக்கு 2039 வரை உரிமை உயிரோடிருக்கிறது. சிவப்பு. சரி, கேட்டுவிடலாம் என்றால் யாரிடம் கேட்பது? குடும்பத்தாரிடமா, படத் தயாரிப்பாளரின் வாரிசுகளிடமா, இசைத்தட்டு போட்ட நிறுவனத்திடமா? மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று விதமாகச் சொன்னார்கள். ஜி. ராமநாதன் 1963இல் மறைந்தவர். "சார், 2023 முடியட்டும், அவர் மெட்டெல்லாம் ஃப்ரீ" என்று சொல்லிப் பார்த்தேன். நூற்றாண்டு அதுவரை நிற்குமா என்று கேட்டார்.

எடிட்டிங் அறைக்கு வந்துபோனவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: "பத்து செகண்டுக்குள்ள போட்டா ஒண்ணும் இல்லப்பா." அப்படி ஒரு வினாடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று இருக்கிறது. எது நியாயமான அளவு என்பதை, வழக்கு வந்தால், நீதிமன்றம் சொல்லும். பாடகி வசுந்தரா தாஸ் ஒரு தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சியில் தான் பாடிய பாட்டுகளிலிருந்து சில வரிகளைப் பாடினார். அது டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. இது அற்பமான அளவு, இதில் மீறல் இல்லை என்ற தீர்ப்பு 2012இல் வந்தது. தொலைக்காட்சி நிறுவனத்திடம் வக்கீல் இருந்தார். எங்களிடம் நான் இருந்தேன்.

31 பாட்டு 12 ஆனது, 12 நான்கானது, கடைசியில் ஒன்றும் இல்லை.

பாடகர் படம், பாட்டு கிடையாது. சொல்லும்போதே சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் சொல்ல வேண்டிய விஷயமே குரலைப் பற்றியது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் ஒரே மனிதர் பாடினார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது யாருக்கான பாட்டு என்று பாமரனும் சொல்வான். 1954இல் தூக்குத் தூக்கி படத்துக்கு சி.எஸ். ஜெயராமன் பாடினால்தான் தனக்குப் பொருந்தும் என்று சிவாஜி நினைத்தார், டி.எம்.எஸ். அவர் பேசும் பேச்சைக் கவனித்துவிட்டுப் போய்ப் பாடிக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொல்லிவிட்டு அடுத்த நொடி குரல் கேட்க வேண்டாமா? எங்கள் படத்தில் அடுத்த நொடி மதுரைத் தெருவில் ஒரு சைக்கிள் போனது.

அந்த நேரத்தில்தான் தபலாக்காரர் ஒருவரைப் படமெடுக்கப் போனோம். வயது எண்பதைத் தாண்டியவர். டி.எம்.எஸ்.ஸின் மேடைக் கச்சேரிகளில் வாசித்தவர். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன, தபலா உறை போட்டு அலமாரி மேல் இருந்தது. பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி நிறையச் சொன்னார். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்த காலம். கடைசிச் சரணத்தில் ஒருவர் தவறினாலும் பல்லவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் எல்லாரும் பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

"தூங்காதே தம்பியைப் போடுங்க தம்பி, கூடவே தட்டிக் காட்டறேன்" என்றார்.

போட முடியாது ஐயா, அனுமதி இல்லை என்றேன்.

"அவர் பாட்டைப் போட யார்கிட்ட கேக்கணும்?"

நான் பாதி விளக்குவதற்குள் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். எதிரே இருந்த டீப்பாயில் எவர்சில்வர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். பாட்டு இல்லை, முணுமுணுப்புகூட இல்லை. வெறும் தட்டு. நடுவில் ஓரிடத்தில் விரல் அந்தரத்தில் நின்றது. கண் இமைக்கும் நேரம்தான். மறுபடி தொடங்கியது. "இங்க மூச்சு எடுப்பார்" என்றார். அடுத்த அடியில், நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. அங்கே அவர் மூச்சு எடுக்கமாட்டாராம், அதைத் தாண்டிப் போய்த்தான் எடுப்பாராம். மேடையில் அந்த இடம் தெரியாமல் வாசித்தால் பாட்டை மிதித்த மாதிரி ஆகிவிடும் என்றார். மூன்று நிமிடம் தட்டினார். கேமராமேன் ஃபோகஸைத் தொடாமல் நின்றார். ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கேட்டார். அது அவர் செய்யக்கூடாத காரியம், நான் சொல்லவில்லை.

தாளத்துக்கு என் ஷீட்டில் பத்தி கிடையாது. மூச்சுக்கும் கிடையாது. மூன்று நிமிடத்தையும் வெட்டாமல் வைத்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 26ஆவது வரியில் "உள்ளம் உருகுதய்யா", 27இல் "கற்பனை என்றாலும்". இரண்டும் சினிமாவுக்கு வெளியே வந்த முருகன் பாட்டுகள். முதலாவதை எழுதியவர் ஆண்டவன் பிச்சை, அடுத்ததை வாலி. இரண்டுக்கும் இசை என்ற கட்டத்தில் டி.எம். சௌந்தரராஜன். மெட்டுப் போட்டவர் அவரே. மொத்த ஷீட்டிலும் அவர் பெயர் இருந்தது அந்த இரண்டு கட்டத்தில்தான். ஒலிப்பதிவு வேறொருவரிடம், அதனால் அவையும் படத்தில் வரவில்லை. ஆனாலும் அந்த இரண்டு கட்டத்துக்கு மட்டும் நான் நிறம் எதுவும் அடிக்காமல் விட்டேன். ஏன் என்று இயக்குநர் கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றேன்.

படத்தை ஒரு சின்ன அரங்கில் போட்டோம். அறுபது எழுபது பேர் இருக்கும். கால் மணி நேரத்திலேயே "பாட்டு எங்கப்பா?" என்று ஒரு குரல் வந்தது. நான் கதவோரமாக நகர்ந்துகொண்டேன். தபலாக்காரர் காட்சி வந்தது. தட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மெல்லப் பாட ஆரம்பித்தார். யாரும் உஸ் என்று சொல்லவில்லை. திரையில் இருந்த விரலோடு அழகாகவே சேர்ந்து போனார். இரண்டாவது அடியில் மட்டும் மூச்சு போதாமல் நடுவிலேயே நின்றுவிட்டார். விரல் நிற்காமல் தட்டிக்கொண்டே போய், இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது.