விழுந்தாலும் ராஜா முன்னால் விழணும்

மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்திருக்கிறது. கணுக்கால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று சாயங்காலமே மேலாளரிடமிருந்து போன். அடடா, விசாரிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் எடுத்தேன். "லேப்டாப் பக்கத்துலதானே இருக்கு?" என்றார்.

படுத்தபடி இங்கிலாந்து வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ராபர்ட் கார் கண்ணில் பட்டார். ஸ்காட்லாந்துக்காரர். அவரும் காலை உடைத்துக்கொண்டவர்தான், ஆனால் இடம் பார்த்து உடைத்துக்கொண்டார். 1607 மார்ச்சில் வைட்ஹால் அரண்மனையில் ஈட்டிப் போட்டி. ஒரு பெரிய மனிதரின் கேடயத்தை மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் கொண்டுபோய்க் காட்டும் எடுபிடி வேலை இவருக்கு. குதிரை உதறித் தள்ளியது. மன்னரின் கண்ணெதிரிலேயே விழுந்தார், கால் முறிந்தது.

மன்னர் வைத்தியரை அனுப்பினார். அப்புறம் தானே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். அதோடு விட்டாரா? லத்தீன் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஜேம்ஸுக்குத் தன் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பெருமை உண்டு. எழுந்து ஓட முடியாத மாணவன் கிடைத்தால் விடுவாரா? முறிந்த காலோடு வேற்றுமை உருபுகளையும் சேர்த்துத் தாங்கிய காரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. தாமஸ் ஹோவர்ட் என்ற பிரபு இதைப் பார்த்துவிட்டு நண்பருக்குக் கடிதம் எழுதினார்: ராஜா தினமும் காலையில் இவனுக்கு லத்தீன் சொல்லித்தருகிறார், யாராவது இங்கிலீஷும் சொல்லித்தந்தால் தேவலை. நானூறு வருஷம் ஆகியும் அந்த வயிற்றெரிச்சலின் சூடு ஆறவில்லை.

கால் கூடியதும் ஏறுமுகம்தான். அந்த வருஷமே சர் பட்டம். 1609-ல், சிறையில் கிடந்த கடலோடி வால்டர் ராலேயின் ஷெர்போர்ன் பண்ணை இவர் கைக்கு வந்தது. ராலேயின் மனைவி மன்றாடிப் பார்த்தும் பலனில்லை. 1611-ல் விஸ்கவுன்ட், 1613-ல் சாமர்செட் ஏர்ல் என்று பிரபு பட்டங்கள். கடிதம், கோப்பு என்று மூளையைக் கசக்குகிற வேலையெல்லாம் நண்பர் ஓவர்பரி பார்த்துக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் இதற்கு டீம் ஒர்க் என்று பெயர். ஓவர்பரி 1613-ல் லண்டன் டவர் சிறையில் செத்தார், விஷம் என்றார்கள். 1616-ல் அந்த வழக்கில் காரும் அவர் மனைவியும் குற்றவாளிகள் ஆனார்கள்.

அதற்கு முன்பே காரின் இடம் ஆட்டம் கண்டிருந்தது. 1614-ல் ஜார்ஜ் வில்லியர்ஸ் என்ற அழகான இளைஞர் மன்னர் கண்ணில் பட்டார். காரைப் பிடிக்காத கூட்டம் அவருக்குப் புதுத்துணி எடுத்துக்கொடுத்து, மன்னருக்குக் கோப்பை நீட்டும் வேலையில் சேர்த்துவிட்டது. அந்தக் கோப்பைக்காரர் 1623-ல் பக்கிங்ஹாம் டியூக்.

ஆறு வாரம் கழித்து ஊன்றுகோலோடு அலுவலகம் போனேன். மேலாளர் அறையில் நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் புதுப் பையன் ஒருவன். சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. கையிலிருந்த டீயை மேலாளர் பக்கம் நகர்த்தினான்.

"சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன் சார்."