செல்லுக்கு லீவு கிடையாது

"ஞாயித்துக்கிழமைகூட பெங்களூரு ஓடணுமா கண்ணு?" அம்மாப்பேட்டையில் தட்டுவடை செட்டை நீட்டியபடி அத்தை கேட்டார்.

"செல்லுக்குத் தீனி வைக்கணும் அத்தை."

"ஆடு மாடா வளக்கற?"

ஏறக்குறைய அதுதான். ஆய்வகத்தில் நான் வளர்ப்பது டி செல், நோயை எதிர்க்கும் ஒரு வகை ரத்த வெள்ளையணு. 37 டிகிரி சூடு, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மீடியத்தை, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தை, மாற்றியாக வேண்டும். டி செல்லுக்குப் பொங்கலும் தெரியாது, ஆடிப் பண்டிகையும் தெரியாது.

நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, அவருக்கே திரும்ப ஏற்றுவதுதான் கார்-டி சிகிச்சை. இந்தியாவில் உருவான நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது.

"மாருல கட்டி வந்தா கேக்குமா?"

இப்போதைக்குச் சில ரத்தப் புற்றுகளுக்குத்தான். கட்டிக்குள் நுழையவே டி செல் திணறுகிறது. 'புற்றுக்கு முடிவு' என்று தலைப்பு போடுகிறவர்கள் இந்த வரியைத்தான் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

"அதுக்கு இன்னும் ஆகல. நீங்க மேமோகிராம் எடுத்தீங்களா, இல்லையா?"

அத்தை இன்னொரு செட் போடச் சொல்லிவிட்டார்.