நீட்டுத் தலை: ஒரு நர்ஸின் ஓபி நாட்குறிப்பு

ஜனவரி 9, 2024, செவ்வாய்

குறைமாதப் பிள்ளைகளுக்கான ஃபாலோ-அப் ஓபி. பொங்கல் நெருங்குவதால் கூட்டம் குறைவு. துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வந்திருந்தாள். 29 வாரத்தில் 1.1 கிலோ எடையோடு பிறந்து எங்கள் என்.ஐ.சி.யூ.விலேயே (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) வளர்ந்தவள். டாக்டர் குறித்த பிரசவத் தேதியே இந்த வாரம்தான். எடை ஏறியிருக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறாள், கண் பரிசோதனையும் முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. பாட்டி குல்லாயைக் கழற்றிக் காட்டினார். "சொரக்கா மாதிரி நீண்டு கெடக்கே சிஸ்டர். பொம்பளப் புள்ளையாச்சே."

நீளம்தான். இரண்டு பக்கமும் தட்டை, நெற்றியும் பிடரியும் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. இரு முனைக்கு நடுவே உள்ள தூரத்தைக் காட்டும் காலிபர் கருவியை வைத்து அளந்தேன். அகலம் 8.6 செ.மீ., நீளம் 12.2. அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 70 வருகிறது. 75-லிருந்து 85 வரை இருப்பது சாதாரணம். டேப்பைச் சுற்றினால் 33 செ.மீ., அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீளத்தில் கூடியது அகலத்தில் குறைந்து சுற்றளவு சரிக்குச் சரியாகிவிடுகிறது. அதனால்தான் வெறும் டேப்பை நம்பக் கூடாது என்று புதிதாக வரும் நர்ஸ்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

டாக்டர் உச்சியில் விரலை ஓட்டிப் பார்த்தார். உச்சிக்குழி மெத்தென்று இருந்தது. அதற்குப் பின்னால் நடுக்கோட்டில் மேடு எதுவும் தட்டுப்படவில்லை. "அமுங்கினதுல வந்ததும்மா. மண்டை எலும்பு முன்கூட்டியே ஒட்டிக்கல" என்றார். பாட்டிக்குப் பாதி நம்பிக்கைதான்.

ஜனவரி 11, வியாழன். நைட் டியூட்டி

என்.ஐ.சி.யூ.வில் இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடித்துவிட்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இங்கேதான் அந்தத் தலை நீள ஆரம்பிக்கிறது. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேரும். அதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட பிள்ளையின் மண்டை மெல்லியது. வயிற்றுக்குள் இருந்திருந்தால் தண்ணீரில் மிதந்திருக்கும். இங்கே படுக்கையில் கிடக்கிறது, கழுத்தில் தலையை நேராகப் பிடிக்கத் தெம்பில்லை. மல்லாக்கப் போட்டாலும் ஒரு கன்னத்துக்குத் திரும்பிவிடும். மூச்சு சுலபமாக இருக்கட்டும் என்று மானிட்டரை வைத்துக்கொண்டு குப்புறப் போட்டால் அப்போதும் தலை பக்கவாட்டில்தான். ஒருநாள் இந்த நெற்றிப்பொட்டு, மறுநாள் அந்த நெற்றிப்பொட்டு என்று இரண்டு பக்கமும் மாறி மாறி அமுங்கினால், தலை வளர்வதற்கு முன்னும் பின்னும்தானே இடம் இருக்கிறது?

பால் கொடுக்கும்போதெல்லாம் படுக்கும் பக்கத்தை மாற்றுகிறோம். நடுவே கொஞ்ச நேரம் துணிச்சுருளை இருபுறமும் அண்டக் கொடுத்து, முகம் மேலே பார்க்கும்படி வைக்கிறோம். எல்லாவற்றையும்விட அம்மாவின் நெஞ்சில் நிமிர்த்திப் போடும் கங்காரு முறைதான் எனக்குப் பிடித்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய வழி அது. சூடு, பால், பாசம் என்று அதன் நன்மைகளை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நேரம் முழுக்கத் தலைக்கு மெத்தையின் அழுத்தம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 18, வியாழன்

துறையூர் அம்மா போன் செய்தாள். பொங்கலுக்கு வந்த நாத்தனார் கடுகுத் தலையணை வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். வைக்கலாமா?

வேண்டாம் என்றேன். சின்னக் குழந்தைக்குத் தலையணையே ஆகாது, முகம் புதைந்தால் மூச்சு முட்டும். தலை வடிவத்துக்கென்று விற்கும் தலையணைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2022-லேயே எச்சரித்துவிட்டது. மூச்சு ஆபத்து ஒருபக்கம். தலையணையை நம்பிக்கொண்டு, காட்ட வேண்டிய பிள்ளையைக் காட்டாமல் விட்டுவிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம்.

அடுத்து தூளி. தூளியில் போட்டால் தலை உருண்டையாகும் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. இவளுக்குத் தேவை இரண்டு பக்கமும் விரிய இடம். துணி இரண்டு பக்கமும் நெருக்கும், அதோடு தாடை நெஞ்சில் மடங்கிக் கிடக்கும். குறைமாதப் பிள்ளைக்கு அது மூச்சுக்கும் நல்லதில்லை. "சமதளமா, மல்லாக்கப் படுக்கவை. முகம் நேரா மேல பாக்கட்டும்" என்றேன். மற்ற பிள்ளைகளுக்கு மல்லாந்தே கிடந்தால் பிடரி தட்டையாகிவிடும் என்று பயப்படுகிறோம். நீட்டுத் தலைக்கு அதுவே மருந்து, பின்பக்கம் மெதுவாக அமுங்க அமுங்கப் பக்கவாட்டில் விரியும். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே ஆள் இருந்துகொண்டு கவிழ்த்துப் போட வேண்டும். மெத்தையில் அழுதால் அம்மா சாய்ந்து உட்கார்ந்து தன் நெஞ்சிலேயே போட்டுக்கொள்ளலாம்.

குளிக்க வைக்கும் ஆயா தலையைப் பிடித்து உருட்டுவதைப் பற்றியும் கேட்டாள். எண்ணெய் தடவட்டும், தடவுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று வந்தவனும் நீட்டுத் தலைதான். மணப்பாறை. நிறைமாதம், மூன்று கிலோ, சுகப்பிரசவம், என்.ஐ.சி.யூ. பக்கமே போகாதவன். இப்போது இரண்டரை மாதம். தடுப்பூசி போடப் போன இடத்தில் அம்மா கேட்டிருக்கிறாள். "ஆம்பளப் புள்ளதானே, முடி வளந்தா மறஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தெரிந்தவர் யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறார்கள்.

அகலம் 9.9, நீளம் 15. கணக்குப் போட்டால் 66. அதைவிட என் விரல்தான் முதலில் சொன்னது. உச்சியில் முன்னிருந்து பின்னாக, தோலுக்கடியில் கயிறு ஓடுவது போல ஒரு மேடு. அழுத்தினால் அசையவில்லை. நெற்றி புடைத்து, பிடரி கூம்பி இருந்தது. பிரசவத்தில் நசுங்கி நீண்ட தலை என்றால் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் சரியாகிவிடும். இவனுக்குப் பிறந்த அன்றைவிட இப்போது கூடியிருக்கிறது என்று அப்பா செல்போனில் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினார். நல்ல மனிதர், லோடு வண்டி ஓட்டுகிறார். தேதியோடு படம் வைத்திருந்தது பெரிய உதவி.

டாக்டர் அன்றைக்கே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லக் கூடாத கேஸ் இது.

பிப்ரவரி 8, வியாழன்

மாணவிகளுக்கு வகுப்பு. மண்டை ஒரே எலும்பில்லை, பல தகடுகள். நடுவே உள்ள இணைப்புக் கோடுகள் திறந்திருப்பதால்தான் மூளை வளர வளர மண்டையும் விரிகிறது. ஒரு கோடு முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் அதற்குக் குறுக்கே வளர்ச்சி நின்று, அதன் போக்கிலேயே கூடுதலாக வளரும். 1851-இல் விர்ச்சோவ் என்ற ஜெர்மன் மருத்துவர் சொன்ன விதி, இன்றும் பெரும்பாலும் பொருந்துகிறது. உச்சியில் நீளவாக்கில் ஓடும் கோடு ஒட்டினால் தலை நீண்டு ஒடுங்கும். கோடு ஒட்டும் குறை இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. அதில் ஏறத்தாழப் பாதி இந்த உச்சிக்கோடு. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம்.

ஒரு மாணவி கேட்டாள், "உச்சிக்குழி தெறந்திருந்தா கோடு ஒட்டலன்னு அர்த்தமா சிஸ்டர்?" நல்ல கேள்வி. இல்லை. மணப்பாறைப் பையனுக்கு உச்சிக்குழி திறந்தேதான் இருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

மணப்பாறைக்காரர்கள் சென்னையில் காட்டிவிட்டு வந்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து முப்பரிமாணப் படமாகக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற கோடுகள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன, உச்சியில் மட்டும் வழுவழுவென்று ஒரே எலும்பு. அம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். இப்போதே செய்தால் உச்சியில் இரண்டு சின்ன வெட்டு, எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) விட்டு ஒட்டிய எலும்புப் பட்டையை எடுத்துவிடுவார்கள். இரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அதன்பிறகு பல மாதம், தலையை வடிவுக்குக் கொண்டுவர அளவெடுத்துச் செய்த ஹெல்மெட். வெட்டு பாதி வேலை, மீதியைச் செய்வது ஹெல்மெட்தான். ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தால் காதிலிருந்து காதுவரை திறந்து, எலும்புகளை எடுத்து வடிவமைத்துப் பொருத்தும் பெரிய அறுவை. பெரும்பாலும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும், ஹெல்மெட் வேண்டாம். எலும்பு மெல்லிசாக இருக்கும் மூன்று நான்கு மாதத்துக்குள்தான் முதல் வழி நன்றாகப் பலன் தரும்.

"செய்யாம விட்டா?" என்று அப்பா கேட்டார். தலை இப்படியே இருந்துவிடும் என்பதோடு, சில பிள்ளைகளுக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடலாம். எல்லோருக்கும் இல்லை, ஆனால் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனார். போகும்போதே முடிவு செய்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

மார்ச் 7, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது, பால் குடிக்கிறான் என்று மணப்பாறையிலிருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் அவன் அழுகைதான் பெரிதாகக் கேட்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

துறையூர்ப் பாப்பா வந்தாள். பிரசவத் தேதியிலிருந்து எண்ணினால் மூன்று மாதம். அகலம் 10.6, நீளம் 14.1. 75! தலையை நடுவில் பிடித்து, ஆட்டும் கிலுகிலுப்பையை இருபக்கமும் கண்ணால் துரத்துகிறாள். கவிழ்த்துப் போட்டால் தலையைத் தூக்கி என்னை முறைக்கிறாள். ஹெல்மெட்டும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். உருண்டை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் நீட்டாகவே நின்றாலும் நிற்கும். அமுங்கி நீண்ட தலையால் மூளைக்குக் கெடுதல் இல்லை. 29 வாரத்தில் பிறந்ததற்காக வளர்ச்சியை மட்டும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பாட்டி என்னிடம் ரகசியமாக, "கடுகு மூட்டைய நான் கொழம்புக்குத் தாளிச்சே தீத்துட்டேன்" என்றார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கத்திரி தொடங்கவே இல்லை, அதற்குள் வெயில் இப்படி. மணப்பாறைப் பையன் ஹெல்மெட்டோடு வந்தான். முன்னும் பின்னும் பிடித்து, பக்கவாட்டில் இடம் விட்டு அளவெடுத்துச் செய்தது. ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது, தலையும் அகலமாகத் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் கேட்கிறார்களாம். "பைக் வாங்கப் போறான்னு சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

காதுக்கு மேலே வியர்க்குரு. கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் தலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஹெல்மெட்டின் உள்பக்கத்தையும் துடைத்துக் காயவைத்துப் போடச் சொன்னேன். பவுடர், எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. கழற்றி ஒரு மணி நேரமாகியும் சிவப்பு மறையாத இடம் இருந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் ஹெல்மெட் செய்தவரிடம் கொண்டுபோய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இரவில் ஃபேனுக்கு நேராகப் படுக்கவைக்கலாமா என்று அம்மா கேட்டாள். தாராளமாக.