பொருளடக்கப் பக்கமும் ஓடையும்

நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த முதல் வேலை ஜெராக்ஸ் எடுப்பது. ஆய்விதழ்கள் தபாலில் வந்ததும் ஒவ்வொன்றின் பொருளடக்கப் பக்கத்தையும் நகலெடுத்து, கோப்பில் கோத்து, துறை துறையாக அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் வேண்டிய கட்டுரைக்கு நேரே டிக் போட்டுத் தருவார்கள். கோப்பு மூன்று மாடி ஏறி இறங்கி என் மேசைக்குத் திரும்புவதற்குள் அடுத்த இதழே வந்திருக்கும். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கு எது வேண்டும் என்பதை அந்த டிக்குகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அதே காலத்தில் மாலையில் வீட்டுக்குப் போனால் தமிழ்மணம். 2004இல் தொடங்கிய அந்தத் திரட்டியில் தமிழ் வலைப்பதிவுகள் புதிதாக எழுத எழுத வந்து விழும். அதெப்படித் தானாக வருகிறது என்று தேடியபோதுதான் 'ஓடை' என்ற சொல் கிடைத்தது. ஆங்கிலத்தில் ஃபீட். தளத்தோடு கூடவே இருக்கும், கணினி படிப்பதற்கான எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிய ஒரு சின்னக் கோப்பு அது. புதிதாக வந்தவற்றின் தலைப்பு, சுட்டி, தேதி, சில வரிச் சுருக்கம், அவ்வளவுதான் அதில் இருக்கும். ரீடர் என்ற மென்பொருள் அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியதை மட்டும் நம்மிடம் கொண்டுவரும். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்எஸ்எஸ் என்ற ஓடை வடிவத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் படித்தவர் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

இன்று என் ரீடரில் 140 ஓடைகள் இருக்கின்றன. வலைப்பதிவுகள், சில யூடியூப் சேனல்கள், நூலகத்துறை இதழ்கள். காலையில் காபியோடு இருபது நிமிடம். தேதி வரிசையில் வரும், நான் கேட்டது மட்டும் வரும், எனக்கு எது பிடிக்கும் என்று வேறு யாரும் முடிவு செய்வதில்லை. இதை விட மாட்டேன். முன்பு பயன்படுத்திய ஒரு சேவையை மூடிவிட்டார்கள். ஆனால் ஓடைப் பட்டியல் முழுவதையும் ஓபிஎம்எல் என்ற ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கினேன், வேறு ரீடரில் ஏற்றினேன், ஐந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

சரி, நூலகத்துக்கு வருகிறேன். விலங்கியல் துறையில் ஒரு மேடம் டெங்கு கொசு பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். வாரம் ஒருமுறை வந்து, மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் அதே சொற்களைத் தட்டி, எது புதிது, எது போன வாரமே பார்த்தது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுவார். பப்மெட்டில் எந்தத் தேடலையும் ஓடையாக மாற்றிக்கொள்ளலாம். தேடல் பெட்டிக்குக் கீழேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. ஒரு மதியம் உட்கார்ந்து அவருடைய நான்கு தேடல்களை நான்கு ஓடைகளாக்கிக் கொடுத்தேன். ரீடருக்காக நூலகத்தின் பழைய கணினி ஒன்றில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற கட்டற்ற மென்பொருளை, கணினித் துறை மாணவர் ஒருவர் உதவியோடு நிறுவினோம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. அடுத்த திங்கட்கிழமை மேடம் படியேறி வந்து, "சார், முந்தாநாள் வந்த கட்டுரை, பாருங்க" என்று அச்செடுத்த தாளை நீட்டினார்.

அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். வணிகவியல் துறைக்கு ரிசர்வ் வங்கியின் அறிவிக்கைகள். இயற்பியலுக்கு, ஆய்வுக் கட்டுரைகள் இதழில் வருமுன்பே வெளியாகும் ஆர்க்சைவ் தளம். முதல் வாரமே இயற்பியல் சார் போன் செய்து, சனிக்கிழமையிலிருந்து எதுவும் வரவில்லை, பழுதா என்று கேட்டார். வார இறுதியில் ஆர்க்சைவ் புதிய பட்டியல் வெளியிடுவதில்லை என்று சொன்னேன். எங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஓடுவதால், நூல் அட்டவணையில் தேடும் எந்தத் தேடலுக்கும் ஓடை கிடைக்கும். தமிழ்ப் புத்தகங்களின் புதிய வரவுக்கு ஒன்று எடுத்து, தமிழ்த்துறையில் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தேன்.

மின்னஞ்சலிலேயே அறிவிப்பு வருமே என்பார்கள். வரும். சுற்றறிக்கைக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் வந்து கிடக்கும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று, நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்த ரங்கநாதன் 1931இலேயே நான்காவது விதியாக எழுதி வைத்தார். அதைப் படித்துவிட்டு வேலைக்கு வந்த எனக்கு, தேடி எடுத்துப் படிக்கும் சுமையை மறுபடி வாசகர் தலையிலேயே ஏற்ற மனம் வரவில்லை.

என் வருத்தமெல்லாம், தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று ஓடையைத் தூக்கிவிடுகிறவர்கள் மேல்தான். நாங்கள் நம்பியிருந்த ஓர் இதழ் அப்படிச் செய்தது. இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. சில சமயம் தளத்தில் ஓடையைக் காட்டும் சின்னம் மட்டும்தான் போயிருக்கும், ஓடை அங்கேயே இருக்கும். வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கொசு ஆய்வு செய்த மேடம் போன மே மாதம் பணி ஓய்வு பெற்றார். நூலகத்தில் பாக்கியில்லைச் சான்று வாங்க வந்தவர், கையெழுத்து வாங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தார். "அந்த ஓடையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா சார்?" அவருடைய ஓபிஎம்எல் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.