89 அடிக்க ஒரே ஒரு பார் போதும்

கோல்ஃபில் ஒவ்வொரு ஹோலையும், அதாவது தொடக்க இடத்திலிருந்து குழி வரை, இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் பார். 18 ஹோலுக்கும் சேர்த்து பார் 72 உள்ள மைதானத்தில் 90-க்குள் முடிக்க எத்தனை ஹோலில் பார் வேண்டும்? ஒன்றே ஒன்று. மீதிப் பதினேழு ஹோலும் போகி (பாரைவிட ஒரு அடி கூடுதல்) என்றால் மொத்தம் 89. இலக்கு 99 என்றால் அந்த ஒரு பாரும் வேண்டாம், ஒன்பது போகியும் ஒன்பது டபுள் போகியும் (இரண்டு அடி கூடுதல்) போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான் 400 கெஜ பார்-4 வந்ததும் இரண்டாவது அடியிலேயே க்ரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) எட்டியாக வேண்டும் என்று தோளை முறுக்குகிறார்கள். அதையே 190, 130, 80 என்று மூன்றாகப் பிரித்து, மேலே இரண்டு பட் (க்ரீனில் பந்தை உருட்டும் அடி) போட்டால் ஐந்து, அதாவது போகி. டிரைவர் என்ற நெடுந்தூரக் கிளப்பை (மட்டையை) பையிலிருந்து எடுக்கவே தேவையில்லை.

பதற்றம் முதலில் இறங்கும் இடம் விரல்கள். பிடியின் இறுக்கத்தைப் பத்துக்கு எவ்வளவு என்று அளந்தால், மூன்று அல்லது நான்கில் கிளப் நழுவாமல் நிற்கும். முதல் ஹோலின் தொடக்க இடமான டீயில் நாலு பேர் வேடிக்கை பார்த்தால் அது ஏழெட்டுக்குப் போய்விடும், அடிப்பவருக்கே தெரியாது. விரல் இறுகினால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு சரியாக மடங்காது. கீழே வரும்போது முன்கை சுழலாததால் கிளப்பின் முகம் திறந்தபடியே பந்தில் படும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போகும். அதற்கு ஈடுகட்ட இடப்பக்கம் குறிவைப்பார்கள், ஸ்லைஸ் எனப்படும் இந்த வளைவு இன்னும் மோசமாகும்.

இதற்கு ஒரு வழி: பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே கிளப்பை வேண்டுமென்றே எட்டு அளவுக்கு இறுக்கிப் பிடியுங்கள். மூச்சை வெளியே விட்டபடி நான்குக்குத் தளர்த்துங்கள். கிளப் தலையின் எடை விரலில் தெரியத் தொடங்கும்போது நிறுத்துங்கள், அதுதான் உங்கள் பிடி. பந்தருகே போனதும் சிலை மாதிரி நிற்காமல் கிளப் தலையை இரண்டு முறை லேசாக ஆட்டுங்கள். சென்னைப் புழுக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கையுறை நனைந்து வழுக்கினால் பிடி தானாக இறுகிவிடும். இரண்டு கையுறைகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், பையில் உலர்ந்த துண்டு இருக்கட்டும். க்ரிப் ரப்பர் தேய்ந்து பளபளத்துவிட்டால் எந்த மூச்சுப் பயிற்சியும் உதவாது. மாற்றிவிடுங்கள்.

உங்கள் முறை வந்த பிறகு 40 விநாடிக்குள் அடிக்கும்படி விதிநூல் பரிந்துரைக்கிறது. அது தாராளமான நேரம். தூரம், காற்று, கிளப், பந்து விழ வேண்டிய இடம் எல்லாவற்றையும் பந்துக்குப் பின்னால் நின்றே முடிவு செய்யுங்கள். இரண்டு கிளப்புக்கு நடுவில் குழப்பமா? நீளமாகப் போகும் கிளப்பை எடுத்து நிதானமாக அடியுங்கள். நம்மில் பெரும்பாலோர் க்ரீனுக்கு முன்னால்தான் விழுகிறோம், தாண்டிப் போவது அபூர்வம். குறி கொடி அல்ல, க்ரீனின் நடு. நான்கு எண்ணி மூச்சை உள்ளிழுத்து ஆறு எண்ணி வெளியே விட்டு, பந்தருகே போய் எட்டு விநாடிக்குள் அடித்துவிடுங்கள். நின்ற பிறகு சந்தேகம் வந்தால் விலகி வந்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ‘தலையைத் தூக்காதே’ என்று பக்கத்தில் இருப்பவர் தரும் இலவச ஆலோசனைக்குப் பயிற்சித் திடலில் மட்டுமே இடம்.

1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம். பிரான்ஸின் ழான் வான் டி வெல்டுக்குக் கடைசி ஹோலில் ஆறு அடித்தாலே கோப்பை. அவர் டிரைவரை எடுத்ததைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள், ஆனால் அந்தப் பந்து வலப்பக்கம் போயும் தப்பித்துக்கொண்டது. கெடுத்தது அடுத்த அடி. குறுந்தூரக் கிளப்பான வெட்ஜால் ஓடைக்கு முன்னால் பந்தை வைத்திருக்கலாம். அவர் நெடுந்தூரம் போகும் 2-அயர்ன் எடுத்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பிப் புதருக்குள் விழுந்தது. அங்கிருந்து ஓடை, பிறகு பங்கர் (மணற்குழி), கடைசியில் ஏழு. சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் பால் லாரி வென்றார். மரத்தடியில் கிடக்கும் பந்தை இலை இடுக்கு வழியாக அனுப்பப் பார்ப்பதும் இதே ரகம்தான். பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (வெட்டிய புல்பாதைக்கு) தட்டிவிட்டால் ஒரு அடிதான் நஷ்டம்.

க்ரீனில் பதற்றம் கூடுவதற்குக் காரணம் தப்பான எதிர்பார்ப்பு. உலகின் முதல்தர ஆட்டக்காரர்களே எட்டடி தூர பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். முப்பதடி தூரத்தில் உங்கள் வேலை, ஹோலைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் பந்தை நிறுத்துவது மட்டுமே. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, பத்துத் தப்படி தள்ளி நின்று மூன்று பந்தை க்ரீனின் ஓரம் வரை உருட்டிப் பாருங்கள். ஹோலைக் குறிவைக்க வேண்டாம், அன்றைய வேகம் கைக்குத் தெரிந்தால் போதும். இரண்டடி தூர பட்டைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் பட்டரை (பட் அடிக்கும் கிளப்பை) நீளமாகப் பின்னுக்கு இழுத்துவிட்டுப் பந்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கிறார்கள். குறைவாக இழுத்து, பந்தைத் தாண்டி முன்னுக்குத் தள்ளுங்கள். ஹோலின் விட்டம் 108 மி.மீ., பந்துடையது 43-க்கும் குறைவு. இடம் நிறையவே இருக்கிறது.

அட்டையில் எண்ணை எழுதுங்கள், கூட்டிப் பார்ப்பதை 18-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹோல் நாசமானால் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 சுற்றில் சிறந்த எட்டுக்குத்தான் கணக்கு. அதிலும் ஒவ்வொரு ஹோலுக்கும் உச்சவரம்பு இருக்கிறது: கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்துக்கான ஹேண்டிகேப்) 18 உள்ளவர் பார்-4-ல் பத்து அடித்தாலும் ஏழாகவே பதிவாகும். ஹோலுக்கு ஹோல் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் இனிப் புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததுமே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். மொத்த அடிகளை எண்ணும் வழக்கமான ஸ்ட்ரோக் பிளே போட்டியில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது, பந்து உள்ளே விழும்வரை அடித்தே ஆக வேண்டும்.